நெளிந்த டிரெய்லரை நேராக்கிக் கொடுத்த லாரி ஓட்டுநர் ஐயாவுக்கு

பெயர் கேட்பதற்குள் உங்கள் லாரி கிளம்பிவிட்டதால், ஐயா, இந்த நன்றியைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று. விற்றவரே ஏற்றிக் கட்டிக் கொடுத்த ஸ்னோமொபைலுடன் (பனியில் ஓடும் வண்டி) வேகமெடுத்ததும், டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் நெளியத் தொடங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல வாகன நிறுத்துமிடத்துக்குள் ஒதுங்கினேன். நான் கையசைக்காமலேயே நீங்கள் பின்னால் வந்து இறங்கினீர்கள்.

பாரம் சக்கர அச்சுக்குப் பின்னே தள்ளி அமர்ந்திருந்ததை ஒரே பார்வையில் கண்டுகொண்டு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் (டிரெய்லரை வாகனத்தோடு சேர்க்கும் இணைப்பு) மேல் இறங்க வேண்டும் என்று சொல்லியபடியே, என்னையும் கைகொடுக்கச் சொல்லி ஸ்னோமொபைலை முன்னே நகர்த்தினீர்கள். முன் சறுக்குக் கட்டைகளின் மேல் குறுக்குச் சட்டத்தை இறுக்கிவிட்டு, பின்புறத்தை ராட்செட் பட்டைகளால் (நெம்பி இறுக்கும் பட்டைகள்) இரு மூலைக்கும் இழுத்துக் கட்டினீர்கள். இணைப்பு கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் ஏந்திக்கொள்ளும்படி, பாதுகாப்புச் சங்கிலிகளை அதன் அடியில் குறுக்காக மாட்டியதை அருகில் நின்று பார்த்தேன். உறைந்த விரல்களை ஊதிக்கொண்டே (கையுறை கொக்கிக்கு இடைஞ்சல் என்று கழற்றியிருந்தீர்கள்) பின்விளக்குகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தீர்கள்.

நீங்கள் எச்சரித்தபடியே, சிறிது தூரம் சென்று நிறுத்திப் பார்த்தபோது ஒரு பட்டை தளர்ந்திருந்தது. மீண்டும் இறுக்கிய பின் வீடுவரை டிரெய்லர் அசையவேயில்லை. இப்பதிவு கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள், ஐயா. நேரில் நன்றி சொல்ல விரும்புகிறேன்.