நோர்ட்ஹோஃப் தெருவிலிருந்து

வோல்ஃப்ஸ்பர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே மைனஸ் ஆறு. அம்மாவின் பருப்புப்பொடி டப்பாவின் அடி தெரிகிறது. ஊர் முழுக்க சாசேஜ்தான். ஃபோக்ஸ்வாகன் ஆலையே 1973 முதல் செய்கிறது. அதற்கும் ஸ்பேர் பார்ட் நம்பர் உண்டு: 199 398 500 ஏ. பன்றிக்கறி என்று அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

என் விலாசத்தில் வரும் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் யார் என்று கேட்டிருந்தீர்கள். 1929இல் ஓப்பல் கார் கம்பெனியில் சேர்ந்து சர்வீஸ் மேனுவல் எழுதியவர். போர்க்காலத்தில் ஓப்பலின் பிராண்டன்பர்க் லாரி ஆலையை நடத்தினார். அதனாலேயே போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் தங்கள் பகுதியில் வேலை தரவில்லை. பிரிட்டிஷார் 1948 ஜனவரியில் இந்த ஃபோக்ஸ்வாகன் ஆலையைக் கொடுத்தார்கள். முதல் சில மாதம் ஆலைக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுத்தாராம். முந்தைய வருடம் ஒன்பதாயிரம் கார்கூடத் தேறாத இடத்தில் 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது பீட்டில் கார் இறங்கியது. மேலே அதே ஆமை ஓடு, உள்ளே ஓயாத திருத்தம்: எக்ஸ்போர்ட் மாடலுக்கு 1950இல் ஹைட்ராலிக் பிரேக், 1952இல் கியர் கரகரக்காமல் விழ சிங்க்ரோமெஷ். ஸ்பேரும் சர்வீஸும் இல்லாத ஊரில் வண்டி விற்காதே என்பார். மேனுவல் எழுதிய கை அல்லவா!

மேல் வீட்டுப் பெரியவர் அப்படியொரு பழைய பீட்டில் வைத்திருக்கிறார். ஞாயிறு சத்தம் போடக்கூடாது, அதனால் சனிக்கிழமைதான் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, பார்ப்பார். எஞ்சின் சில்லென்று இருக்கவேண்டும், கேப் 0.10 மி.மீ. மூன்றாவது சிலிண்டர்தான் தொல்லை. ஆயில் கூலர் காற்று வரும் வழியிலேயே நிற்பதால் அதற்குப் போகும் காற்று குறைவு, அதுவும் சூடு. எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு கேப் அடைந்துவிடும். அப்புறம் வால்வு தன் சீட்டில் சரியாக மூடி உட்காராமல் கருகும். நோர்ட்ஹோஃப் 1968இல் இறந்தபோதும் அந்தக் கூலர் அதே இடத்தில்தான். ஏர்கூலிங்கையும் பின்பக்க எஞ்சினையும் அவர் விடவே இல்லை. தண்ணீரில் குளிரும், முன்பக்க எஞ்சின் கோல்ஃப் கார் வர 1974 ஆயிற்று. அந்தப் பிடிவாதம் பத்து வருடம் அதிகம் என்பேன். பெரியவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அவர் ஷெட்டைத் திறந்தால் மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாசம். நம் பட்டறை வாசம் அப்பா. உதவி செய்கிற சாக்கில் இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.

லேத்தை விற்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது தம்பி கேட்கிற சிஎன்சியும் (கம்ப்யூட்டரில் ஓடும் லேத்) நியாயமாகவே படுகிறது. முதலில் டயல் கேஜ் வைத்து லேத்தின் பெட் தேய்மானம் பாருங்கள், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் பக்கம்தான் அதிகம் இருக்கும். அளவைப் பார்க்காமல் பேங்க் பேப்பரில் கையெழுத்து வேண்டாம். என் பங்கு ஏப்ரலில் வரும். ஓவர்டைம் நின்றதால் நிறைய ஓய்வு, வேறொன்றுமில்லை. சித்ராவின் வளைகாப்புத் தேதி முடிவானதும் எழுதுங்கள். கிணற்று மோட்டாருக்கு மாமாவிடம் கேட்காதீர்கள்.

உங்கள் மகன்,
செந்தில்