மெடிக்கலில் இருந்தவனை ‘நின்றுவிட்டான்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருமங்கலம் பக்கம் ஒரு நூல் மில்லில் 11 வருஷம் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தேன். 2022-ல் முதுகு வலி என்று ஆரம்பித்தது. தைலம், ஊசி எல்லாம் பார்த்துவிட்டு கடைசியில் ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பில் காசநோய் என்றார்கள். டி.பி. எலும்பிலும் வரும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். 5 மாதம் மெடிக்கலில், அதாவது மருத்துவ விடுப்பில் இருந்தேன்.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பணம் ஒழுங்காக வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், அப்புறம் காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் 80 சதவீதம். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற முக்கால் சதவீதத்தின் அருமை அப்போதுதான் புரிந்தது, வீட்டு வாடகை அதில்தான் போனது.

டாக்டர் ஃபிட் சர்டிபிகேட் கொடுத்து வேலைக்குப் போன அன்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். டைம் ஆபீஸில், “உங்க பேரு ரோல்ல இல்லையே, லீவு முடிஞ்சும் வரல, நீங்களா நின்னுட்டதா எழுதியாச்சு” என்றார்கள். ஒரு மெமோ இல்லை, விசாரணை இல்லை. படுக்கையில் கிடந்தவன் எப்படித் தானாக நிற்பான்?

என்னைக் காப்பாற்றியது என் மனைவி ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த 5 ஒப்புகை அட்டைகள். ஒவ்வொரு மாதமும் டாக்டர் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தோம். எல்லா அட்டையிலும் மில் சீல், அதன் மேல் ஊதா மையில் கிளார்க்கின் இனிஷியல். அதை எடுத்துக்கொண்டு சங்கத்து அண்ணன் ஒருவரிடம் போனேன். அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தில் 73-வது பிரிவு என்று ஒன்றைக் காட்டினார்: நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, நீக்கி நோட்டீஸ் கொடுத்தாலும் அது செல்லாது. 11 வருஷம் பணம் கட்டியவனுக்கு இதை ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மதுரையில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நடையாக நடந்து, 3 மாதம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். அந்த 3 மாதத்துக்குச் சம்பளம் இல்லை. கையில் இருந்த கொஞ்ச நகையும் அடகுக்குப் போய்விட்டது.

சரி, வேலை கிடைத்தது. ஆனால் டாக்டர் எடை தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். இப்போது கோன் பேக்கிங்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்றால் அது சூப்பர்வைசரின் நல்ல மனசு, அவ்வளவுதான். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவில், வேலையில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது அரசு நிறுவனத்துக்கு மட்டும். அரசு பஸ் டிரைவருக்குப் பார்வை போனால் கிடைக்கிற பாதுகாப்பு, தனியார் மில்லில் மெஷினில் கை போனவனுக்கு ஏன் இல்லை? கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருந்து மதுரையைச் சுற்றி எத்தனை ஆயிரம் பேர் தனியாரிடம் வேலை பார்க்கிறோம், அரசு இதை விரிவாக்கியே ஆக வேண்டும்.

அதுவரை ஒரு காரியமாவது செய்யலாம். மெடிக்கலில் இருப்பவரை நீக்கக் கூடாது என்ற விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மில் கேட்டிலும் ஒட்டச் சொல்லி தொழிலாளர் துறை உத்தரவு போட வேண்டும். நோய்ப் பணம் அனுமதிக்கும்போதே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகமும் அதை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும்.

இப்போது மெடிக்கலில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சான்றிதழை செக்யூரிட்டியிடமோ கூட வேலை பார்ப்பவரிடமோ கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு தபாலில் அனுப்புங்கள், வந்து சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளி,
திருமங்கலம்.