ஆராய்ச்சி பிறந்தது என் ஜெராக்ஸ் கடையிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முன்னாள் துணைவேந்தர் ஒருவர் எழுதிய கட்டுரையை டீ ஆறுவதுகூடத் தெரியாமல் படித்தேன். "இளங்கலை ஆராய்ச்சி இன்று ஜெராக்ஸ் கடையில் பிறந்து ஜெராக்ஸ் கடையிலேயே முடிந்துவிடுகிறது" என்று ஐயா எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே 22 வருடமாக ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவன் நான். துணைவேந்தர் வாயால் இப்படியொரு பட்டம் கிடைத்ததற்கு நன்றி. போர்டில் எழுதிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்ற ஒரே பிராஜெக்டை, பெயரையும் பதிவெண்ணையும் மாற்றி எத்தனை கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன்களுக்கு பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பேன்! முதலில் விஷுவல் பேசிக், அப்புறம் ஜாவா, அப்புறம் பிஎச்பி. இப்போது எல்லாம் பைத்தான். முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடுகிற பிராஜெக்ட். ஒருமுறை நன்றியுரையில் போன வருடப் பையனின் அப்பா பெயர் மாறாமல் அப்படியே கிடந்தது. அதன் சான்றிதழ்ப் பக்கத்தில் கைடு, துறைத்தலைவர், வெளித்தேர்வாளர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வைவாவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, என் கடையில் பிறந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கையெழுத்தும் என் கடையிலா போட்டார்கள்?

மூன்று வருடத்துக்கு முன் விலங்கியல் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். வீட்டைச் சுற்றிக் கிடந்த சிரட்டை, பழைய டயர், மழைத் தண்ணீர் நின்ற ஆட்டுரல் குழி எல்லாவற்றிலும் 14 வாரம், ஒவ்வொரு சனிக்கிழமையும், கொசுப்புழுவை எண்ணியிருக்கிறாள். டயரைவிட ஆட்டுரலில்தான் அதிகமாம். எல்லாம் சேர்த்து 19 பக்கம். 60 பக்கத்துக்குக் குறைந்தால் வாங்க மாட்டோம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். கொசு என்றால் என்ன, மலேரியாவின் வரலாறு, ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த கதை என்று நெட்டிலிருந்து 41 பக்கம் இறக்கிச் சேர்த்தோம். "அண்ணாச்சி, நான் எழுதுன பக்கத்த மட்டும் வேற கலர் பேப்பர்ல போடலாமா?" என்று கேட்டாள். விதியில் இடமில்லை. வெள்ளையிலேயே போட்டோம்.

கட்டுரைக்குப் பக்கத்தில், நோபல் பரிசு வாங்கிய வானியற்பியலாளர் சந்திரசேகர் படம் போட்டிருந்தீர்கள். அவர் மாநிலக் கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது, 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டை ஓட்டல் அறைக்கே போய்ப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் தன் கட்டுரை ஒன்றை, அது அச்சேறும் முன்பே, புரூஃபாகப் பையன் கையில் கொடுத்தனுப்பினார். அடுத்த வருடமே பையனின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் 'அப்படிப்பட்ட மாணவன் இன்று எங்கே?' என்றுதான் தலைப்புப் போடுகிறீர்கள். அப்படிப் புரூஃபைத் தூக்கிக் கொடுக்கிற ஆள் எங்கே என்று ஒருநாளும் போட்டதில்லை. எதிரே இருக்கிற கல்லூரியில் லேப் சாவி வாங்கவே லெட்டர் எழுத வேண்டும். அந்த லெட்டரையும் என் கடையில்தான் டைப் அடிக்கிறார்கள்.

சமூக அறிவியலைப் பற்றிக் கட்டுரையில் அரை வரி இல்லை. கலைப்பிரிவுப் பிள்ளைகள் ஆராய்ச்சிக் கணக்கில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மறு வருடமே மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் ஊரை நீங்களே கணக்கெடுத்து வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் எவ்வளவு, கூலி என்ன. பிள்ளைகள் எழுதி வந்தது 1918-இல் நூலாயிற்று. அந்த ஊர்களுக்கு 1936-37-இல் மறுபடி போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், அப்புறம் எங்கள் கங்கைகொண்டான். நான்காம் வருடம் ஆராய்ச்சியோடு ஹானர்ஸ் படிக்க, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி. ஸ்லேட்டருக்கு, அந்தப் பையனுக்குச் சொந்த ஊர் ஒன்று இருந்தால் போதுமாக இருந்தது.

இதை வகுப்பில் சொன்ன பேராசிரியரின் புண்ணியத்தில், 1994-இல் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம், நானும் 40 பக்க நோட்டோடு எங்கள் தெருவில் இறங்கினேன். 62 வீடு. பெரியம்மாவிடம் கடன் எவ்வளவு என்று கேட்டேன். "உங்க அப்பன்ட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுல" என்றாள். பண்ணினேன். மாடக்குழியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த அடகு ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வைத்தாள். ஏழு. அவள் காதில் ஈர்க்குச்சி இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதிப்பெண் போட வேண்டும் என்று நோட்டை வாங்கி வைத்துக்கொண்டவர் வேறொருவர். திரும்பி வரவில்லை. நான் கடை போட்ட வருடம் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு பைண்டிங்குக்கு வந்தது. நான்காவது அட்டவணையில் 62 வீடு, ஒரே வீட்டில் ஏழு ரசீது. என் பெயர் எங்கும் இல்லை. கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்து, 120 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். இது மட்டும் ஐயா சொன்னபடி ஜெராக்ஸ் கடையில்தான் முடிந்தது.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடையில் இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் பிராஜெக்டுகளுக்குப் பணம் தருகிறது. இந்த அறிவிப்புகளைத் தாங்கள் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், துணிக்கடை விளம்பரத்துக்குக் கீழே போடுகிறீர்கள். கல்லூரியில் பிரின்சிபால் கையெழுத்து வாங்கவே மூன்று நாள் ஆகும். ஒரு மாதம் முன்னதாகப் போட்டால், வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வேன்.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்தில் கங்கைகொண்டானைத் தங்கள் அலுவலகத்தில் 'கங்கைகொண்ட சோழபுரம்' என்று திருத்திவிட்டார்கள். அது அரியலூர் மாவட்டம். நாங்கள் இருப்பது திருநெல்வேலி, சிற்றாற்றங்கரை. இடம் போதவில்லையென்றால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பைண்டிங் கடைக்காரன் (பெயர் வேண்டாம், எதிரே உள்ள கல்லூரிதான் சோறு போடுகிறது),
கங்கைகொண்டான்.