வாராவாரம் வரும் நான்கு பேருக்கு மட்டும்தானா அந்த மேசை?

விளையாட்டுக் கடை நடத்துகிறவர்களுக்கு, வணக்கம்.

கடையின் பின்பக்கம் மேசை போட்டு, வாரத்தில் ஒரு மாலை ரோல்பிளேயிங் ஆட்டம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம், நடத்த இடம் கொடுக்கிறீர்கள். அப்படிப்பட்ட மேசைகளில் சில ஆண்டுகளாக கேம் மாஸ்டராக, கதையை நடத்திச் செல்பவனாக, உட்கார்ந்திருக்கிறேன். குறை சொல்ல வரவில்லை என்று ஆரம்பித்தால் பொய்யாகிவிடும். ஒரு குறை இருக்கிறது, அதில் எனக்கும் பங்கு உண்டு. எந்த ஆட்டத்தை நடத்துவது என்று முடிவுசெய்யும்போது அலமாரியைப் பார்க்கிறோம், கேம் மாஸ்டரின் ஆசையைப் பார்க்கிறோம். அன்றைக்குத்தான் முதன்முறையாக வந்து நாற்காலியை இழுத்துப்போடப் போகிறவரைப் பார்ப்பதில்லை.

அலமாரியில் அதிகம் இருப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதனால் மேசையிலும் அதுவே. நியாயம்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் கொண்டுவந்த அந்த ஆட்டத்திலிருந்துதான் இந்த வகையே கிளைத்தது. பெயரைச் சொன்னாலே ஆள் சேரும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. நடத்தும் விதத்தில்தான் கோளாறு. பாத்திரங்களின் பலம் குறைவாக இருக்கும் முதல் லெவலில் ஆரம்பித்து மாதக்கணக்கில் நீளும் தொடர்கதையாக நடத்துகிறோம். வீட்டில் நான்கு நண்பர்கள் கூடினால் அது ஓடும். கடையில் முதல் வாரம் ஏழு பேர் வருவார்கள். அடுத்த வாரம் அவர்களில் மூவரும் புதிதாக இருவரும். நான்காம் வாரம், கோட்டைச் சாவி யாருடைய பையில் இருக்கிறதோ அவர் வரமாட்டார்.

ஒரு மாலை என் மேசைக்கு ஒரு பெண் வந்தார். நாங்கள் ஒன்பதாவது வாரத்தில், ஐந்தாம் லெவலில் இருந்தோம். விஸார்டாக, அதாவது மந்திரவாதியாக, விளையாடுகிறேன் என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். முதல் லெவல் விஸார்டுக்கே மூன்று கேன்ட்ரிப் என்ற சின்ன மந்திரங்கள், ஏட்டில் ஆறு மந்திரம். ஐந்தாம் லெவல் என்றால் கேட்கவே வேண்டாம். பட்டியலைப் புரட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. சண்டையில் அவர் முறை வந்தது. இருபது முகப் பகடையை உருட்டினார், பதினொன்று விழுந்தது. “இதோட என்ன கூட்டணும்?” என்று கேட்டார். நான்கு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம், நான்கும் வேறு வேறு பதில். அவர் சிரித்துவிட்டுப் பகடையை மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு வரவேயில்லை.

அதற்கப்புறம்தான் ஆட்டம் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். வருகிறவர் அடுத்த வாரமும் வருவார் என்று நம்பியிருக்காத ஆட்டம், உட்கார்ந்த பத்து நிமிடத்தில் பகடையைக் கையில் கொடுக்கும் ஆட்டம். அப்படிப்பட்டவை இல்லாமல் இல்லை. ஜான் ஹார்ப்பர் 2013இல் வெளியிட்ட லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸின் விதிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். உங்கள் பாத்திரத்துக்கு இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண், அவ்வளவுதான். அறிவால் செய்யும் காரியமா, ஆறு முகப் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். மனதால் செய்வதா, மேலே விழ வேண்டும். இதற்குமேல் விளக்க எதுவும் இல்லாததால் புதியவர் நேராகக் கதைக்குள் போய்விடுகிறார்.

கொஞ்சம் கனமாக வேண்டும் என்றால் கால் ஆஃப் கதூலு என்ற திகில் மர்ம ஆட்டம். 1981இலிருந்து இருக்கிறது. என்னைக் கேட்டால் கடை மேசைக்கு இதைவிடப் பொருத்தமான பெரிய ஆட்டம் இல்லை. நூலகத்தில் தேடும் திறமை 60 என்று தாளில் இருந்தால், நூறு வரை காட்டும் பகடையில் 60 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். சதவீதம் தெரிந்தவருக்கு விதி தெரிந்த மாதிரிதான். பாத்திரங்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், ஒரு மர்மத்தை ஒரே மாலையில் தொடங்கி முடிக்கலாம். பாத்திரம் செத்தாலும் பைத்தியம் பிடித்தாலும் யாரும் முகம் தூக்குவதில்லை, அதற்காகத்தானே வருகிறார்கள். ஆனால் திகில் கதை நடத்தும் நாளில், மேசை நடுவில் ஒரு எக்ஸ் கார்டு, அதாவது எக்ஸ் என்று எழுதிய அட்டை, இருக்கட்டும். பிடிக்காத காட்சி வந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொட்டுக் காட்டலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடத்தில் இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

காட்சி காட்சியாக நடித்துக்கொண்டே போகும் ஃபியாஸ்கோ என்ற ஆட்டத்துக்கு கேம் மாஸ்டரே தேவையில்லை. மூன்று முதல் ஐந்து பேர் போதும். கேம் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்த நாளில் கைகொடுக்கும். முதல் நாள் வந்தவரிடம் மட்டும் நீட்டாதீர்கள், அறிமுகமில்லாதவர்கள் முன்னால் நடித்துக்காட்டக் கூச்சப்படுவார்.

டிரெட் ஆட்டத்தை நான் கடையில் நடத்திய கதையையும் சொல்லியாக வேண்டும். அதில் பகடை கிடையாது. மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவினால் காரியம் கைகூடும், கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரம் ஆட்டத்தை விட்டுப் போய்விடும். இரண்டு மணி நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடினோம். கோபுரம் ஈர்க்குச்சி மாதிரி நின்றது. சீட்டுப் போட்டியை முடித்துக்கொண்டு பக்கத்து மேசைக்காரர் எழுந்தார், அவர் முதுகுப்பை எங்கள் மேசையில் லேசாக இடித்தது. யார் செத்தது என்ற வாக்குவாதம் கதையைவிட நீளமாகப் போனது. அருமையான ஆட்டம், தனி அறை இருந்தால் நடத்துங்கள்.

தொடர்கதை வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆட்டத்தில் கொள்ளைக் கும்பலுக்கே தனித் தாள் உண்டு. அன்றைக்கு வந்தவர்கள் கொள்ளைக்குப் போவார்கள், வராதவர் பதுங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸையே விடமுடியாது என்றால் ஆட்ட வடிவமைப்பாளர் பென் ராபின்ஸின் வெஸ்ட் மார்ச்சஸ் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஊரில் தொடங்கி, அன்றே ஊர் திரும்பி முடிய வேண்டும். சாவி யாரோடும் வீட்டுக்குப் போகாது.

ஒரு பக்க ஆட்டத்தை நடத்தினால் புத்தகம் எப்படி விற்கும் என்று கேட்பீர்கள். அன்றைக்கு விற்காதுதான். ஆனால் விஸார்டோடு தவித்த அந்தப் பெண்ணும் எதையும் வாங்கவில்லையே. கால் ஆஃப் கதூலுவில் ஒரு மர்மத்தைத் துப்புத்துலக்கிய இருவர், அடுத்த முறை தாங்களே நடத்தப்போவதாகச் சொல்லி விதிப்புத்தகத்தை என் கண்ணெதிரே எடுத்துப்போனார்கள்.

ஆகவே கேட்பது இதுதான். இரண்டு மேசை இருந்தால் ஒன்றைத் தொடர்கதைக் குழுவுக்கே விட்டுவிடுங்கள். மற்றதில் ஒரே மாலையில் முடியும் ஆட்டம் நடக்கட்டும். ஐந்து பேருக்குமேல் சேர்க்காதீர்கள். ஏழு பேர் உட்கார்ந்தால் தன் முறை வருவதற்குள் போனை எடுத்துவிடுகிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஆட்டத்தின் பெயருக்குக் கீழே “முன்னனுபவம் வேண்டாம், இன்றே முடியும்” என்று எழுதுங்கள்.

முதல் மாதம் அந்த மேசையை நானே நடத்தித் தருகிறேன். கடை எத்தனை மணிக்கு மூடும் என்பதை மட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நிலவறையின் கடைசிக் கதவைத் திறக்கப்போகும் நேரத்தில் விளக்கை அணைத்தது இதுவரை இரண்டு முறை நடந்துவிட்டது.

இப்படிக்கு,
பின்பக்க மேசைக்காரன்