யானைமலை அடிவாரத்திலிருந்து ஒரு நன்றி மடல்

யா. நரசிங்கம் ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், என்னோடு வீடு வீடாக நடந்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊரின் வரலாறும் குடிக்கணக்கும் சிறு நூலாக அச்சாகி உங்கள் கைகளுக்கு வந்துவிட்டன. மாசித் திருவிழாவில், திருமோகூர்க் காளமேகப் பெருமாள் கஜேந்திர மோட்சத்துக்கு நம் ஊருக்கு எழுந்தருளிய நாளில்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை நிறைவேறியது. ஆனால் அன்றைய நெரிசலில் யாருக்கும் முகம் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. நூலின் அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலத்தில் 1991, 2001, 2011 ஆகிய மூன்று முறையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். படிவக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வாசலாக நின்ற அந்த நாட்களில்தான் இந்த நூலின் விதை விழுந்தது. ஒரு வீட்டில் திண்ணையில் படுத்திருந்த மூதாட்டியின் பெயரைக் கேட்டேன். உள்ளிருந்து வந்த மகன், "பெயர் எதற்கு டீச்சர், கிழவி என்றே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தாயின் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அந்த அம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தப் படிவங்களிலிருந்து ஒரு வரியைக்கூட இந்த நூலில் நான் எடுத்தாளவில்லை. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிமனிதர் சொன்ன விவரங்கள் இரகசியமானவை. கணக்கெடுத்தவளே ஆனாலும் அவற்றை வெளியே சொல்லக் கூடாது. அது நல்ல சட்டம். ஆகவே ஓய்வுபெற்ற பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அங்கேதான் நீங்கள் எல்லாரும் வந்தீர்கள்.

முதல் நன்றி, கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு. தொல்லியல் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நரசிங்கப் பெருமாள் குடைவரையை ஆயிரம் முறை கும்பிட்டிருப்பேன், அதில் எழுத்து இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்த எழுத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரியாது. அவர் சுண்ணாம்போ மாவோ பூச விடவில்லை. கல்லுக்குக் கேடு என்றார். ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். மொட்டைப் பாறைபோல் இருந்த இடத்தில் வட்டெழுத்துகள், அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துகள், நிழல் கட்டி எழுந்து நின்றன. விரலைக் கல்லில் படாமல் ஓட்டியபடி எழுத்துக்கூட்டி வாசித்தார்.

கி.பி. 770. பாண்டியன் மாறஞ்சடையனின் உத்தரமந்திரி (தலைமை அமைச்சன்), களக்குடி வைத்தியன், மூவேந்தமங்கலப் பேரரையன் என்ற மாறன் காரி இந்தக் கற்றளியைக் குடைவிக்கிறான். முடித்துக் குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துபோகிறான். "நீர்த்தெளியாதேய் ஸ்வர்க்காரோஹணஞ் செய்த பின்னை" என்கிறது கல்வெட்டு, குடமுழுக்கு நீர் தெளிக்காமலே சொர்க்கம் போன பிறகு என்று பொருள். அவன் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர் தெளிக்கிறான். அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த கதை நம் ஊர்க் கோயிலின் கதை. "நீர்த்தெளியாதேய்" என்ற சொல்லைப் பெரியவர் இரண்டு முறை வாசித்தார். 1,250 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சாவுக்கு அன்று எனக்குக் கண் கலங்கியது.

மலை மேலுள்ள குகைத்தளத்தின் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து இதைவிடப் பழையது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் இருக்கும். "இவகுன்றத்து உறையுள்" என்று தொடங்கும். இவம் என்றால் யானை. நாம் யானைமலை என்பதைத்தான் அவர்கள் இவகுன்றம் என்றார்கள். நம் ஊராட்சிப் பெயருக்கு முன்னால் நிற்கும் 'யா.' என்ற ஓரெழுத்தும் அதே யானைதான். அந்தக் குகையில் தங்கிய துறவியர் பெயர்களும் கல்லில் உள்ளன. நம் மலையில் குடியிருந்தோர் என்று எழுத்தில் பதிவான முதல் பெயர்கள் அவையே. வெயிலேறும் முன் என்னை மலையேற்றிக் கூட்டிப்போய், என் முழங்கால் வலிக்காக ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்த இளைஞர்களுக்கு என் நன்றி. தண்ணீர்ப் பாட்டில்களைத் திரும்பக் கொண்டுவந்ததற்குத் தனி நன்றி.

கல்வெட்டில் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. ஆங்கிலேயர் காலத்துக்கு வந்தால் கணக்கு இருக்கிறது, பெயர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நான் மாதக்கணக்கில் தத்தளித்தேன்.

சென்னை மாகாணத்தில் 1871-இல் எண்ணியபோது சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து, 1881-இல் சுமார் 3 கோடியே 8 லட்சம். கூட வேண்டிய தொகை குறைந்துவிட்டது. நடுவில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பாட்டிமார் சொன்ன கதைகளில் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றதும், கற்றாழைக் கிழங்கு தேடி அலைந்ததும் வரும். அட்டவணையில் அது வெறும் கழித்தல் கணக்கு. பின்னர் 1895-இல் பெரியாறு அணை திறந்து, அந்தத் தண்ணீர் மேலூர்ப் பக்கத்து வயல்களை எட்டியபோது குடிகள் திரும்பவும் வேர் பிடித்தார்கள். நகரமோ வேறு வேகத்தில் வளர்ந்தது. மதுரையில் 1901-இல் 1,05,984 பேர், 2011-இல் 10,17,865 பேர். நாம் அந்த நகரத்திலிருந்து மேலூர் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். தள்ளி இருந்தோம் என்று சொல்வதே இனிச் சரி.

ஊர்க் கணக்கை எப்படி ஒப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தந்த கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவியாளருக்கும் நன்றி. வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, நாம் வாயால் சொல்லும் ஊர் வேறு. எல்லை மாறிய இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் வளர்ந்துவிட்டது, தேய்ந்துவிட்டது என்று எழுதுவது பெரும் பிழை. முதல் வரைவில் நான் அந்தப் பிழையைச் செய்திருந்தேன். அவர் காட்டியிராவிட்டால் அப்படியே அச்சேறியிருக்கும். வேறோர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் மழையில் நனைந்து பாளம் பாளமாக ஒட்டிப்போயிருந்தன. பிரிக்கப் பிரிக்கத் தூளாக உதிர்ந்தன. அன்று வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

அந்த வெறுங்கையை நிரப்பியவர் கீழத்தெருப் பாட்டி.

அவரிடம் போய், உங்கள் சின்ன வயதில் இந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியை அழைத்துப் புளியங்கொட்டைச் சுருக்குப்பையைக் கொண்டுவரச் சொன்னார். சிமெண்டுத் தரையில் ஒரு கொட்டையை வைத்தார். "இது வடக்குக் கோடி வீடு." அடுத்ததை வைத்தார். "இது கிணற்றடி வீடு." இப்படியே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொட்டை. தெரு வளையும் இடத்தில் கொட்டை வரிசையும் வளைந்தது. பின் ஒவ்வொரு கொட்டையையும் விரலால் தொட்டு, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொன்னார். ஆண் பெயர் பட்டாவில் இருக்கும், பெண் பெயர் என் வாயில்தான் இருக்கிறது என்றார். காலராவில் இறந்தவர்களின் கொட்டைகளைத் தனியே ஒதுக்கி, அவற்றின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துச் சிறிது நேரம் வைத்திருந்தார். எனக்கு எழுத ஓடவில்லை. பக்கத்தில் இருந்த பேத்திதான் என் பேனாவை வாங்கி எழுதினாள்.

பாட்டி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! 1951-52 முதல் பொதுத்தேர்தலின்போது, இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே சொல்லித் தம் பெயரைச் சொல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியாமல் போனது. அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். நம் பக்கம் பட்டியலில் பெயர் ஏறியது, ஆனால் பேச்சில் தேய்ந்தது. ஒரு தெருப் பெண்களின் பெயர் முழுவதையும் இத்தனை வருடம் நீங்கள் ஒருவரே சுமந்திருக்கிறீர்கள். நூலின் மூன்றாம் இயல் உங்களுடையது. நான் படியெடுத்தவள் மட்டுமே.

பாட்டி சொன்னதைச் சரிபார்க்க, பழைய கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) குடும்பத்தார் பரணிலிருந்து கணக்கு நோட்டுகளை இறக்கித் தந்தார்கள். 1980-இல் கர்ணம் முறை ஒழிந்தபோது ஒப்படைத்தது போக வீட்டில் தங்கிவிட்ட கைப்பிரதிகள் அவை. எத்தனை வாரம் வேண்டுமானாலும் வைத்திருங்கள் அக்கா என்று நம்பிக் கொடுத்த தம்பிக்கு நன்றி. வேலியோரத் தகராறு பற்றிய பக்கங்கள் இரண்டை நூலில் சேர்க்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும்.

இனி பிள்ளைகள். கல்லூரி விடுமுறையில் புதுக் குடியிருப்புகளுக்கெல்லாம் நடந்த நம் பெண் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் கைகூப்புகிறேன். பெரியவர்கள் சிலர் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார்கள். அவர்களெல்லாம் வந்தேறிகள், ஊர் வரலாற்றில் அவர்களுக்கு என்ன வேலை என்றார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். 1965-இல் வேளாண் கல்லூரி வந்தது. 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றக் கிளை திறந்தது. ஒவ்வொன்றும் நம் பக்கம் ஆட்களைக் கொண்டுவந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் அந்தச் சமயத்தில் எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார், பூர்வீகம் எதுவென்று பார்த்து ஊர் மாற்றி எழுதுவதில்லை. கட்டடத் தகரக் கொட்டகையில் இருந்த வட மாநிலத்துப் பெண் ஒருத்தி, "எங்கள் பெயரையும் எழுதுவீர்களா?" என்று நம் பிள்ளைகளிடம் கேட்டாளாம். எழுதினார்கள். அவள் குழந்தையின் பெயரையும், அது பிறந்தது நம் ஊரில்தான் என்பதையும் எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், மாறன் காரியும் களக்குடியிலிருந்து வந்தவன்தான். நானும் வாக்கப்பட்டு வந்தவள்தான்.

பட்டருக்கும், ஊராட்சி அலுவலக ஊழியர்களுக்கும், பிழை திருத்தம் மூன்று முறை மாறியும் முகம் சுளிக்காத அச்சகத்தாருக்கும், சமையலை முழுக்க ஏற்றுக்கொண்டு என்னை எழுத விட்ட என் மருமகளுக்கும் நன்றி.

அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கிட்டு எடுக்கப் போகிறார்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் நிற்கும்போது வீட்டிலுள்ள முதியவர்களின் முழுப் பெயரை அவர்களிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். நான் உங்களிடம் இன்னும் கேட்பது இந்த ஓர் உதவிதான்.

இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. பாட்டி வைத்த கொட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. தெற்குக் கோடியில், வேப்ப மரத்தடி வீட்டில் தனியாக இருந்து, தலைச்சுமையாக உப்பு விற்றவர். எல்லாரும் உப்புக்காரி என்றே கூப்பிட்டதால் சொந்தப் பெயர் பாட்டிக்கும் தெரியவில்லை. அவர் வழி உறவினர் மேலூர்ப் பக்கம் இருக்கக்கூடும் என்கிறார்கள். உங்களில் யாருக்காவது தெரிந்தால், மாலை நேரத்தில் கோயிலுக்கு வரும்போது என் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் பதிப்புக்கு அந்த வரியைக் காலியாக விட்டு வைக்கும்படி அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்
யா. நரசிங்கம்