யானை வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காட்டோர ஊர்களில் யானைச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பும் தம்பிகளே, ஒலிபெருக்கியில் அறிவிக்கும் ஊராட்சிப் பணியாளர்களே, இரவெல்லாம் யானைக்குப் பின்னால் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களே, வணக்கம்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் ராகி போடுகிறவன். ஐப்பசியில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கும். அறுவடை முடிந்து போர் போடும்வரை எனக்குப் படுக்கை காவல் பரணில்தான். அப்பாவோடு ஏறத் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது.

போன கார்த்திகையில் ஓர் இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. "யானைகள் நடமாட்டம் உள்ளதால் பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்." எந்தப் பக்கம், எத்தனை, எங்கே போகிறது, எதுவும் இல்லை. அதே வாசகம் அதற்கு முன்பு இருபது நாளாகத் தினமும் வந்துகொண்டிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பினார். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒத்தை யானை நின்றிருந்தது. அக்கா ஓடும்போது வாய்க்காலில் விழுந்து கால் முறிந்துவிட்டது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். அந்த யானை இரவிலிருந்தே அங்கே நின்றதைப் பார்த்தவர் இருந்தார். செய்தி அனுப்பியவரும் இருந்தார். அக்காவுக்குத் தமிழ் படிக்க வராது. அவர் வீட்டில் பேசுவது கன்னடம்.

அன்றிலிருந்து பரணில் உட்கார்ந்து காட்டுச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

முசு என்ற கருமுகக் குரங்கை எங்கள் பக்கம் தெலுங்குக்காரர்கள் கொண்டமுச்சு என்பார்கள். சிறுத்தையைக் கண்டால் மர உச்சியிலிருந்து இருமுவதுபோல் ஒரு குரல் கொடுக்கும். கீழே மேயும் புள்ளிமான்கள் உடனே தலை தூக்கிக் காதை விறைக்கும். மான் வேறு சாதி, அதன் குரலும் வேறு. ஆனாலும் முசு சொல்வது மானுக்குப் புரிகிறது. மான் கத்தினால் முசுவும் உஷாராகிறது. மேலே இருப்பதற்குக் கண் எட்டும், கீழே இருப்பதற்கு மோப்பம் எட்டும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசுகிறோம். ரோஜாப் பசுமைக்குடில்களில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் எச்சரிக்கை மட்டும் ஏன் ஒரே மொழியில், அதுவும் எழுத்தில் மட்டும் வரவேண்டும்? வாயால் பேசி அனுப்புங்கள். அரை நிமிடம் போதும்.

முசுவிடம் நான் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஒரு தடவை கத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாது. சிறுத்தை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை கத்திக்கொண்டே இருக்கும். சிறுத்தை நகர நகர, அடுத்த மரத்து முசு கத்தும். பரணில் இருந்தபடியே அது எந்த ஓடையைப் பிடித்துப் போகிறது என்று சொல்லிவிடலாம். சத்தம் நின்றால் கொஞ்ச நேரத்தில் மான்கள் தலை குனிந்து மேய ஆரம்பிக்கும். நமக்கு அந்த இரண்டாவது பாதி வருவதே இல்லை. வந்தது என்று சொல்கிறோம். போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் ஜனங்கள் நாலு மாதமும் பயந்துகொண்டே இருக்கிறார்கள், இல்லையென்றால் பயத்தையே விட்டுவிடுகிறார்கள்.

ஆள்காட்டிக் குருவியை உங்களுக்குத் தெரியும். நாய் போனாலும் மனுஷன் போனாலும் யானை போனாலும் ஒரே கத்தல். தன் முட்டையைக் காக்க அதற்கு அது போதும். பரணில் இருக்கும் நான் அந்தச் சத்தத்துக்கு இப்போது புரண்டுகூடப் படுப்பதில்லை. கடமான் கனைத்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்; அது சும்மா கத்தி நான் பார்த்தது மிகவும் குறைவு.

என் மகள் விலங்கியல் படிக்கிறாள். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளைப் பற்றி ராபர்ட் செய்ஃபார்த், டொரத்தி செனி, பீட்டர் மார்லர் மூவரும் 1980-இல் எழுதியதை அவள்தான் எனக்குச் சொன்னாள். சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரலாம். முதல் குரல் கேட்டால் மரம் ஏறும். இரண்டாவதற்கு வானத்தைப் பார்க்கும், இல்லை புதருக்குள் ஓடும். மூன்றாவதற்கு இரண்டு காலில் எழுந்து நின்று தரையைப் பார்க்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். எதிரி கண் முன்னால் இல்லாதபோதும் அப்படியே செய்தனவாம். ஒத்தை ஆண் யானைக்கும் குட்டியோடு வரும் கூட்டத்துக்கும் நாம் செய்யவேண்டியது ஒன்றா? சோளக்காட்டில் நிற்பதற்கும் தார் ரோட்டைத் தாண்டுவதற்கும் ஒரே வாசகம் எப்படிப் போதும்?

செய்ஃபார்த்தும் செனியும் பிறகு அதே குரங்குகளிடம் இன்னொரு சோதனையும் செய்தார்கள். பக்கத்துக் கூட்டம் வருகிறது என்று சொல்லும் ஒரு குரங்கின் குரலை, யாரும் வராதபோது திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். மற்ற குரங்குகள் அந்தக் குரங்கு சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டன. தம்பிகளே, எந்த மாநிலத்திலோ எடுத்த வீடியோவை "தளி அருகே அறுபது யானைகள்" என்று நம் குழுவில் போட்டது நினைவிருக்கிறதா? பைக்கில் கூட்டம் கூட்டமாகப் போய் வெறும் காட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். மறு வாரம் உண்மையிலேயே ஏழு வந்தபோது யாரும் கதவைச் சாத்தவில்லை. அது என்னை மிகவும் வருத்தியது.

யானையின் பேச்சையும் சொல்லவேண்டும். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது கேட்டி பெயின் என்ற ஆய்வாளருக்குக் காற்று அதிர்வதுபோல் இருந்ததாம். பதிவு செய்து பார்த்ததில், நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த குரலில் யானைகள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தக் குரல் கிலோமீட்டர் கணக்கில் போகும். கூட்டம் பிரிந்து நின்றாலும் ஒன்றுக்கொன்று தொடர்பு விடாது. ஆகவே மூன்று யானையைப் பார்த்தால் "மூன்று வந்திருக்கிறது" என்று எழுதாதீர்கள். "பார்த்தது மூன்று" என்று சொல்லுங்கள். கிளை ஒடியும் சத்தம் மட்டும் கேட்டால் கேட்டது என்றே சொல்லுங்கள். மற்றவர் சொன்னதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் குறுஞ்செய்தியும் குரல் அழைப்பும் போகின்றன. யானை பக்கத்தில் இருந்தால் மேட்டில் இருக்கும் சிவப்பு விளக்கைக் கைப்பேசியாலேயே எரியவிடுகிறார்கள். இருட்டில் வீடு திரும்புகிற தொழிலாளிக்குப் படிப்பு தேவையில்லை, விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும். நம் ஊர்களிலும் கோயில் மேட்டில், பள்ளிக்கூட மாடியில் அப்படி ஒன்று வைக்கக் கேட்கிறேன்.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே நிலத்தில் கட்டிய மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்தன. அந்தப் படத்தைப் பார்த்த நாளில் என்னால் சோறு தின்ன முடியவில்லை. பயிரை இழந்த விவசாயியின் ஆத்திரம் எனக்குத் தெரியும். அந்தக் கம்பியை நான் ஒருபோதும் கட்டமாட்டேன். ஆனால் யானை எங்கே நிற்கிறது என்று சரியான நேரத்தில் சரியாகத் தெரிந்தால், கம்பி கட்ட நினைப்பவர்களில் பலரைப் பேசித் திருப்பலாம் என்று நம்புகிறேன்.

இடத்தைச் சொல்லும்போது ஊர் வாயில் இருக்கும் பெயரைச் சொல்லுங்கள். புளியமரம், பாழுங்கிணறு, மாரியம்மன் கோயில் மேடு. காவலர்களே, நீங்கள் தூக்கமில்லாமல் நடப்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பு பால் கேனோடு போகும் அக்கா வரைக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

வருகிற ஐப்பசியில் ஏரிக்கு மேற்கே என் பரணில் இருப்பேன். எனக்குத் தமிழும் தெலுங்கும் வரும். அக்கா கன்னடத்தில் பேசித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த ராத்திரியானாலும் கூப்பிடுங்கள், பேசி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு ராகி விவசாயி