ஆக்கர் கடைக்குப் போகும் முன்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, நம் பழைய கம்ப்யூட்டர் சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நாகர்கோவிலில் வழக்கம்போல நடந்தன. ஐப்பசியில் மட்டும் மழை விடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் நான் தலையிடவில்லை.

இந்த ஆண்டு நம்மை அதிகம் வேலை வாங்கியது தக்கலைப் பக்கத்து அச்சகம் ஒன்றின் 486 கம்ப்யூட்டர். அச்சகத்தை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) எடைக்குப் போடக் கொண்டுபோனார்கள். வழியில் மறித்து வாங்கி வந்தவர் நம் உறுப்பினர். ஆன் செய்தால் கீபோர்டே இல்லை என்றது. போர்டில் சால்டர் செய்திருந்த 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, கீபோர்டு சாக்கெட்டுக்குப் போகும் செப்புக் கோடுகளைத் தின்றிருந்தது. கசிந்தது காரம் என்பதால் வினிகர் போட்டுத் துடைத்து, தண்ணீரில் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் உலர்த்தி, அறுந்த கோடுகளுக்குப் பதில் மெல்லிய எனாமல் கம்பி ஓட்டினோம். அந்த இடத்தில் சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியை வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது சார்ஜ் ஏற்கும் பேட்டரி அல்ல. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு ஒன்று நடுவில் கட்டாயம்.

ஹார்ட் டிஸ்க் போயே போய்விட்டது. அடாப்டர் வழியாக காம்பாக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டு மாட்டினோம். அந்தக் காலத்து பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) 504 எம்பிக்கு மேல் பார்க்காது. அந்தக் குறையைத் தீர்க்கும் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸை ஒரு ஈப்ரோம் சிப்பில் எழுதி, பழைய நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகியதும் முழு அளவும் தெரிந்தது. கேபிள் இல்லாத நெட்வொர்க் கார்டு எதற்கு என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஆனால் பாகம் கிடைப்பது ஒரு பொருட்டே அல்ல. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை சென்னை, அங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. பில் அடிக்கும் கடைகள் டாட் மேட்ரிக்ஸை இன்னும் விடாததால் ரிப்பன் உள்ளூரிலேயே வாங்குகிறோம். நம்மைத் திணறடித்தது அச்சகத்தின் ஃபிளாப்பிகள். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பு திறந்தது. திரையில் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தும் குறியும்தான். அன்று கம்பெனிக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு). 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் அறிவித்த பிறகும் பழக்கம் போகவில்லை. எழுத்துரு இருந்தால் இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் அந்தக் கல்யாணப் பத்திரிகைகளை ஜோசியம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கடைசிப் பெட்டியில், லேபிள் கிழிந்த ஒரு டிஸ்கில் அந்த எழுத்துரு இருந்தது. அன்று ரசவடை என் செலவு.

பாதி டிஸ்குகளில் பூஞ்சை. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் வேறென்ன இருக்கும்? வெள்ளைப் புள்ளி தெரியும் டிஸ்கை அப்படியே டிரைவில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்த நல்ல டிஸ்கையும் கீறும். நாம் உறையைத் திறந்து துடைத்து, கிரீஸ்வீசில் கருவி மூலம் காந்தப் பதிவை அப்படியே நகலெடுத்தோம். குளச்சல், முட்டம் உறுப்பினர்களுக்குக் கூடுதலாக உப்புக்காற்று. கார்டு வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதன் விளிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துவிட்டு எனக்கு போன் செய்யவும்.

பழைய கம்ப்யூட்டரில் எந்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) போடுவது என்ற பழைய சண்டைக்கு ஒரு பதில். மைக்ரோசாஃப்ட் 2024 ஏப்ரலில் எம்எஸ்-டாஸ் 4.00-இன் மூல நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. நீங்கள் எல்லோரும் கேட்கும் 6.22 பதிப்பு அதில் சேராது. ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய இலவச டாஸான ஃப்ரீடாஸ் போதும் என்பது என் கட்சி; அச்சக 486-இலும் அதுதான் ஓடுகிறது. தலைவர் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரு மனக்குறை. கடிகாரச் சிப் டிஎஸ்12887-ஐ ஆன்லைனில் ஒருவரிடம் புதியது என்று வாங்கினோம். வந்தது பழைய போர்டில் பிடுங்கி, மேலே புதிதாக அச்சடித்தது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி செத்த பிறகு அச்சு எவ்வளவு பளபளத்து என்ன? பணம் திரும்பவில்லை. இனி விளக்கம் கேட்காமல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம்.

வீட்டுப் பரணில் சவுண்டு கார்டு, ஸ்கேனர், மோடம் டிரைவர் டிஸ்குகளோ, ஜம்பர் படம் போட்ட மதர்போர்டு புத்தகமோ இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நகலெடுத்து அன்றே திருப்பித் தருவோம். கம்ப்யூட்டரை ஆக்கர்காரருக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். கூட இருக்கும் அட்டைப்பெட்டியை மட்டும் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள்.

ஆவணி மாதம் சங்கத்தின் கிரீஸ்வீசிலை ஒரு வாரத்துக்கென்று எடுத்துச்சென்ற மார்த்தாண்டம் அண்ணாச்சி, கேபிளோடு சேர்த்துத் தந்தால் நன்று.

இப்படிக்கு,
செயலாளர்